வொரம் பெர்சி: ஒரே சுவரை இரண்டு முறை வாசித்த அகழாய்வு

எந்த நிகழ்வு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க் நகரிலிருந்து வடகிழக்காகச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, யார்க்ஷையர் வோல்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தில் வொரம் பெர்சி என்ற காலி ஊர் இருக்கிறது. கூரையில்லாத ஒரு தேவாலயம், ஒரு பழைய பண்ணைக் குடியிருப்பு, ஒரு குளம். மீதியெல்லாம் புல்வெளி. புல்லுக்கு அடியில் இடைக்கால ஊர் ஒன்று மனை மனையாகப் படுத்திருக்கிறது. 1950 தொடங்கி 1990 வரை ஆண்டுதோறும் கோடையில் இங்கே தோண்டினார்கள். முடிவுகள் 13 தொகுதிகளாக வந்தன. முதல் தொகுதி 1979இல், கடைசித் தொகுதி 2012இல்.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நீளத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இங்கே கிடைத்த குடியானவர் வீடுகளுக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லி, அது பாடநூல்களில் ஏறி, பிறகு புதிதாக ஒரு குழிகூட வெட்டாமல் பழைய வரைபடங்களை வைத்தே தலைகீழாக மாறியது. அது எப்படி நடந்தது, எந்த முடிவுகள் அதற்கு இடம் கொடுத்தன என்பதே இந்தப் பதிவின் பொருள். ஆட்களைவிட முடிவுகள்தான் இங்கே முக்கியம் என்பதால் அகழ்ந்தவர்களை அவர்கள் பார்த்த வேலையால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1940களில் இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்றாசிரியர்களைக் கேட்டிருந்தால், இடைக்காலத்தில் முழுதாக அழிந்துபோன ஊர்கள் அங்கே அபூர்வம் என்றே சொல்லியிருப்பார்கள். ஆவணங்களில் பெயர் இருக்கும், வரி கட்டிய கணக்கு இருக்கும்; ஊர் எங்கே என்று தேடிப் போனவர்கள் குறைவு. போனவர்களும் இடிந்த சுவரை எதிர்பார்த்துப் போய், புல்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

புல்மேட்டைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். வெயில் சாய்ந்த நேரத்தில் நிழல் விழும்போதுதான் அது பேசும். நீளமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அது பழைய தெரு. நூற்றாண்டுக் கணக்கில் மாடும் வண்டியும் நடந்து தேய்ந்த வழி. அதன் இரு பக்கமும் தாழ்ந்த வரப்புகள் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தால் அவை வீட்டுமனைகள். மனைக்குப் பின்னால் நீண்டு போவது கொல்லை. அதற்கும் அப்பால் மேடும் சாலுமாக அலையலையாகத் தெரிவது உழவு நிலம். அந்தச் சால்கள் நேராகப் போகாமல், கண்ணாடியில் பார்த்த ஆங்கில எஸ் எழுத்தைப் போல மெல்ல வளைந்திருந்தால் இடைக்கால உழவு என்று பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். எட்டு எருதுகள் வரை பூட்டிய நீண்ட ஏரை வயல் முனையில் திருப்ப, முன்கூட்டியே வளைக்கத் தொடங்கியதன் தடம் அது.

இந்தத் தடங்கள் பிழைத்ததற்குக் காரணம் ஆடு. ஊர் காலியான பிறகு நிலம் மேய்ச்சலுக்குப் போனது. மேய்ச்சல் நிலத்தை யாரும் ஆழமாகக் கிளறுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்திக்காகப் புல்வெளிகளை உழத் தொடங்கியதும், பிறகு டிராக்டரும் புல்டோசரும் வந்ததும், நாடு முழுவதும் இப்படிப்பட்ட தடங்கள் சமனாகிக்கொண்டிருந்தன. அதே வேளையில், போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப் படை நாட்டை மேலிருந்து படம் பிடித்திருந்தது. தரையில் நின்றால் குழப்பமாகத் தெரிகிற வரப்பு, மேலிருந்து பார்த்தால் ஊர்ப்படமாகவே தெரிந்தது.

1948 முதல் 1952 வரை: முதல் குழிகள்

1948 ஜூனில் வொரம் பெர்சிக்கு முதலில் வந்தவர் ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர். தொல்லியல் பயிற்சி பெற்றவர் அல்ல. பழைய நில வரைபடங்களை உழவுச் சால்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயலாகவும் இல்லாமல் காடாகவும் இல்லாமல் இடையில் விடுபட்டிருந்த திட்டுகளில் ஊர்கள் இருந்திருக்கின்றன என்று கண்டுகொண்டவர். அவருக்கு மண்வெட்டியிலிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்: ஊர் எப்போது காலியானது? ஆவணங்கள் 1500ஐ ஒட்டிய காலத்தைக் காட்டின. மண்ணும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1950இல் சில சிறு குழிகளை வெட்டினார்கள். சுவர் இருந்தது, பானை ஓடு இருந்தது. ஆனால் எந்த ஓடு எந்தச் சுவரோடு சேர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. கேள்வி சரியானதுதான், அதற்குப் பதில் சொல்லும் வகையில் குழி இல்லை.

1952இல் அரசின் தொல்லியல் பிரிவைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் ஒருவர் சேர்ந்துகொண்டார். இடைக்கால மட்பாண்டம் அவருடைய துறை. அதே ஆண்டு, கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களுக்கென ஓர் ஆய்வுக் குழுவும் தொடங்கியது. ஒருவருக்கு ஆவணம் தெரியும், மற்றவருக்கு மண் தெரியும். இந்தக் கூட்டு கடைசிவரை நீடித்தது. வொரம் பெர்சியில் எடுத்த நல்ல முடிவுகளில் பாதி இந்த இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டதால் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1953: முறையை மாற்றிய முடிவு

அன்று பிரிட்டனில் மதிப்பு பெற்றிருந்த முறை, இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் மண் சுவர்களை விட்டு வெட்டுவது. அந்த மண் சுவரில் அடுக்குகளை வரிசையாகப் படிக்கலாம். ரோமானியக் கோட்டைக்கும் ஆழமாக மண் சேர்ந்த இடத்துக்கும் அது பொருந்தும். குடியானவர் வீட்டுக்குப் பொருந்தாது. இங்கே மண் அடுக்கு மெல்லியது; புல்லை உரித்தால் சில அங்குலத்திலேயே சுண்ணாம்புக் கற்கள். சுவர் என்பது ஒன்றிரண்டு வரிசைக் கல். சில இடங்களில் கல் பரவிக் கிடக்கும் கோடு மட்டுமே. கட்டத்துக்குள் நின்று பார்த்தால் இது சுவரா, இடிந்து விழுந்த குவியலா, முற்றத்துத் தளமா என்று பிரித்தறிய முடியாது.

டென்மார்க்கில் இதே சிக்கலை ஓர் ஆய்வாளர் ஏற்கெனவே தீர்த்திருந்தார். ஒரு மனை முழுவதையும் ஒரே நேரத்தில் திறப்பது, மெல்லிய படிவாக இறங்குவது, ஒவ்வொரு கல்லையும் வரைவது, கிடைத்த பொருள் ஒவ்வொன்றின் இடத்தையும் நீளம், அகலம், ஆழம் என்று குறிப்பது. வொரம் பெர்சியில் 1953 முதல் இதைப் பின்பற்றினார்கள்.

இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. ஆண்டுக்குச் சுமார் மூன்று வாரம், ஜூலையில், தன்னார்வலர்களை வைத்து நடந்த வேலை இது. கல் கல்லாக வரைந்துகொண்டு போனால் ஒரு மனையை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஆயின. 10ஆம் பகுதி என்று எண்ணிட்ட மனையில் 1950களின் பெரும்பகுதி கழிந்தது. 6ஆம் பகுதி 1960கள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ‘இத்தனை ஆண்டுக்கு இரண்டு வீடுதானா?’ என்று யாரேனும் கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

10ஆம் பகுதியில் கண்டது

புல்லுக்கு அடியில் முதலில் வந்தது ஒரு நீள வீடு. எதிரெதிரே இரண்டு வாசல்கள், நடுவில் குறுக்கு வழி. வழியின் ஒரு பக்கம் ஆட்கள் இருந்த பகுதி, மறுபக்கம் கால்நடை அல்லது சாமான்களுக்கான பகுதி. புகைபோக்கி இல்லை, நடுத்தரையில் அடுப்பு.

தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடிசை என்றால் அழுக்கும் சேறும் மிதிபட்டுத் தரை உயர்ந்துகொண்டே போயிருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். இருந்தது நேர்மாறு. தரை நடுவில் குழிந்து, ஓரங்களில் உயர்ந்து கிடந்தது. அன்றாடம் பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த குழி அது. வீட்டுக்குள் பானை ஓடு குறைவாகக் கிடைத்ததற்கும் காரணம் இதுதான்: குப்பை வெளியே போயிருந்தது.

அந்த வீட்டுக்கு அடியில் இன்னொரு சுவர், அதற்கு அடியில் இன்னொன்று. ஒவ்வொன்றும் சற்றே விலகியது. சிலவற்றில் வீட்டின் திசையே மாறியிருந்தது. கொல்லையில் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பள்ளங்களும் இருந்தன. சுவருக்குக் கல் வேண்டுமென்றால் சொந்தக் கொல்லையிலேயே வெட்டிக்கொண்டு, பள்ளத்தை மூடியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை: நன்கு செதுக்கிய கல்லால் கட்டிய, தரைக்குக் கீழான ஓர் அறை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பிரபு ஒருவரின் மாளிகையின் அடித்தளம். ஊரில் அப்போது இரண்டு பிரபுக் குடும்பங்கள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்சி குடும்பம் மற்றவர்களின் பங்கையும் வாங்கிக்கொண்டது. இரண்டாவது மாளிகை தேவைப்படாமல் போய், அந்த இடம் குடியானவர் மனைகளாகப் பிரிந்தது. மேலே நின்று பார்த்தால் வரிசையில் மற்ற மனைகளைப் போலவே இருந்த மனை இது. மேட்டு வரப்பை மட்டும் வைத்து ஊர் வரலாற்றை எழுதியிருந்தால் ஒரு மாளிகையையே தவறவிட்டிருப்பார்கள்.

முதல் விளக்கம்

சுவர்கள் இடம் மாறியிருக்கின்றன. சுவர்கள் பலமில்லாதவை. கல்லை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்து அகழ்ந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குடியானவர் வீடு மட்டமான கட்டுமானம், ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது, மகன் தலையெடுக்கும்போது பழையதை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வான். 1979இல் வந்த முதல் தொகுதியின் அடிப்படை இதுதான். அதற்கு முன்பே இது பரவிவிட்டது. இடைக்கால ஆங்கிலக் குடியானவர் என்றாலே ஓட்டைக் குடிசையில் இருந்தவர் என்ற படம் பள்ளிப் புத்தகம் வரை போனது.

அன்றைய நிலையில் இது அசட்டு முடிவு அல்ல. கண்ணெதிரே சுவர் மேல் சுவராக இருந்தது. வோல்ட்ஸ் பகுதியில் மரமும் குறைவு. ஆனால் விளக்கத்துக்குள் சொல்லப்படாத ஓர் அனுமானம் உட்கார்ந்திருந்தது: கூரையைத் தாங்கியது சுவர்தான் என்பது. கல் கட்டடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கேள்வியாகவே தோன்றாது. இன்னொன்றும் உண்டு, இது என் ஊகம்: ஏழை என்றால் வீடும் நிலையில்லாததாகத்தான் இருக்கும் என்று ஆவணம் பார்க்காமலே நம்பிவிடுவது எளிது.

அந்த விளக்கத்துக்கு ஒட்டாத பொருள்கள் தோண்டும்போதே கிடைத்துக்கொண்டிருந்தன. இரும்புக் கீல்கள், பூட்டுகள், சாவிகள். இருபது முப்பது ஆண்டுகளில் விழப்போகிற குடிசைக்குப் பூட்டு எதற்கு? அவற்றைப் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டைப் பற்றிய வாதத்துக்குள் கொண்டுவரவில்லை.

1989: மறுவாசிப்பு

1980களில் இரண்டு பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தது. மேனர் எனப்பட்ட பிரபுவின் நிலப்பகுதிக்குரிய நீதிமன்றப் பதிவுகளைப் படித்த வரலாற்றாசிரியர்கள், குடியானவர் வீட்டுக்கு மரமும் தச்சரும் பணமும் கணிசமாகச் செலவானதைக் காட்டினார்கள். வீட்டைப் பழுது பார்க்காமல் விட்ட குடியானவருக்குப் பிரபுவின் நீதிமன்றம் அபராதம் போட்டது. விழட்டும் என்று விட்டுவிடும் பொருளாக வீடு இருந்திருந்தால் அபராதத்துக்கு வேலையில்லை. இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிற சில பழைய வீடுகளின் மரங்கள் வெட்டப்பட்ட காலத்தை ஆண்டு வளையத்தை எண்ணிக் கணித்தபோது, அவை 14, 15ஆம் நூற்றாண்டு வரை போயின. அவற்றில் பல பிரபுவின் வீடுகள் அல்ல, சாதாரணக் குடியானவர்களுடையவை.

அந்த வீடுகளில் கூரையைத் தாங்குவது சுவர் அல்ல. இயல்பாக வளைந்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, அந்த இரண்டு பாதிகளை எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்துவிடுவார்கள். ‘க்ரக்’ என்று பெயர். இப்படி வரிசையாக நிற்கும் ஜோடிகள் மேல் முழுக் கூரையும் உட்கார்ந்திருக்கும். சுவர் வெறும் மறைப்பு. மண்ணாலும் இருக்கலாம், கல்லாலும் இருக்கலாம். இடிந்தால் அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். கூரை அசையாது. மரத்தின் அடி, தரையில் வைத்த தட்டைக் கல்லின் மீதோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ நிற்பதால் கம்பக் குழி எதுவும் மண்ணில் பதியாது.

வொரம் பெர்சியின் வீடுகளைத் தொகுத்து எழுதும் பொறுப்பு பெற்ற ஆய்வாளர் இதை மனதில் வைத்துப் பழைய வரைபடங்களைத் திரும்ப எடுத்தார். முன்னர் தனித்தனிக் காலகட்டங்களைச் சேர்ந்தவை என்று பிரிக்கப்பட்டிருந்த சுவர்களுக்கு இடையே, கூரை மரத்துக்கு அடிக்கல்லாக இருந்திருக்கக்கூடிய கற்கள் தெரிந்தன. அவற்றை ஒரே வீட்டின் எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டால், சுவர் மேல் சுவராகத் தெரிந்தவை அடுத்தடுத்த வீடுகள் அல்ல. ஒரே வீட்டுக்குப் பல முறை செய்த பழுதுபார்ப்பு. வீடுகள் முன்பு நினைத்ததைவிடப் பெரியவை, பலமானவை, பல தலைமுறை நின்றவை. 1989இல் வெளியான இந்த வாசிப்பே இன்று பொதுவாக ஏற்கப்படுவது. கீலும் பூட்டும் சாவியும் இப்போதுதான் பொருந்தின.

1953இல் எடுத்த முடிவின் பலன் இங்கேதான் வருகிறது. முதல் விளக்கத்தை நம்பியவர்களே அடிக்கல்லையும் வரைந்து வைத்திருந்தார்கள், அது என்னவென்று தெரியாமலே. ‘முக்கியமான கற்களை மட்டும் வரை’ என்று சொல்லியிருந்தால் அந்த வீடு நிரந்தரமாகப் போயிருக்கும். தோண்டியதைத் திரும்பத் தோண்ட முடியாது. நேரம் விரயமாகிறது என்று தோன்றிய வேலைதான் முப்பது ஆண்டு கழித்து வாதத்தைத் தீர்த்தது. மறுப்பையும் இந்த ஆய்வின் தொகுதி வரிசையிலேயே வெளியிட்டார்கள். வெளியிலிருந்து யாரும் இடித்துரைக்கும் வரை காத்திருக்கவில்லை என்பதை அகழாய்வைத் தொடங்கியவர்களின் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

தேவாலயமும் எலும்புகளும்

ஊர் காலியான பிறகும் புனித மார்ட்டின் தேவாலயம் பயன்பாட்டில் இருந்தது. திருச்சபைப் பங்கில் வொரம் பெர்சியோடு ரெய்ஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப், திக்ஸெண்டேல் என ஐந்து ஊர்கள் அடங்கியிருந்தன. அவற்றில் திக்ஸெண்டேல் தவிர மற்றவை மறைந்துவிட்டன. திக்ஸெண்டேலுக்குச் சொந்தத் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் இங்கேதான் வந்தார்கள். 1949இல் கடைசி வழிபாடு. 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன் பிறகு 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் உள்ளேயும் கல்லறை நிலத்தின் ஒரு பகுதியிலும் தோண்டினார்கள். சிறிய கட்டடமாகத் தொடங்கி, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பக்கக் கூடங்கள் சேர்ந்து, பிறகு அவை இடிக்கப்பட்டுச் சுருங்கிய வரலாறு வெளிவந்தது. ஊர் வளர்ந்ததையும் தேய்ந்ததையும் ஓரளவுக்கு அந்தச் சுவர்களிலேயே பார்க்கலாம்.

கல்லறைகளில் 687 பேரின் எச்சங்கள் கிடைத்தன. ஒரு கிராமத்துக்கு இது மிகப் பெரிய தொகுப்பு. எலும்பிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தைக் கொண்டு குழந்தைகள் சுமார் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தார்கள் என்று கணித்திருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளைவிட வயதுக்கு நல்ல வித்தியாசத்தில் குள்ளமாக இருந்தார்கள். வீடு பலமாக இருந்தது என்பதால் வாழ்க்கை சுகமாக இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இந்த எலும்புகளே போதும்.

1960களில் கிடைத்த இன்னொரு குவியலும் உண்டு. கல்லறையில் அல்ல, குடியிருப்புப் பகுதியில், ஒரு பள்ளத்துக்குள். 137 எலும்புத் துண்டுகள். குறைந்தது பத்து பேருடையவை, குழந்தைகள் உட்பட. கத்தி பட்ட தடம், நெருப்பு பட்ட தடம், உடைத்த தடம். இவை பற்றிய முழு ஆய்வு 2017இல்தான் வெளியானது. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பரவிய காலம் என்பதால் ஒரே நாளில் நடந்த படுகொலை அல்ல. வளர்ந்த இடத்து மண்ணின் அடையாளத்தைக் காட்டும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தைப் பல்லில் அளந்ததில் அவர்கள் இந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. வெளியூர் ஆட்களை இப்படி நடத்தினார்கள் என்ற வாதமும் போனது. பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களா என்றும் பார்த்தார்கள். அப்படியானால் வெட்டு பெரிய தசைகள் ஒட்டும் இடங்களிலும் மூட்டுகளிலும் கூடுதலாக இருக்கும். இங்கே தலையையும் கழுத்தையும் சுற்றியே கூடுதலாக இருந்தது. செத்தவர் எழுந்து வந்து ஊருக்குத் தீங்கு செய்வார் என்ற அச்சம் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. அதைத் தடுக்கச் செய்த காரியமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முதன்மையான ஊகம். ஊகம் என்றே அவர்களும் சொல்கிறார்கள்.

ஊர் எப்படிக் காலியானது

தொடங்கியபோது இருந்த கேள்விக்கு வருவோம். கைவிடப்பட்ட ஆங்கில ஊர் என்றதும் பலரும் 1348–49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயைத்தான் சொல்வார்கள். வொரம் பெர்சியில் அது பொருந்தவில்லை. நோய்க்கு முன்பே, 1320களில், ஸ்காட்லாந்துப் படைகள் யார்க்ஷையரைச் சூறையாடிய காலத்தில் நிலத்தின் பெரும்பகுதி தரிசாகவும் ஆலைகள் பாழாகவும் கிடந்ததாக ஆவணம் சொல்கிறது. நோய் வந்தது, ஆட்கள் செத்தார்கள். ஆனாலும் ஊர் நின்றது. 15ஆம் நூற்றாண்டிலும் குடிகள் இருந்தார்கள்.

அப்புறம் நடந்தது மெதுவான காரியம். ஆள் குறைந்ததால் கூலி ஏறியது, தானிய விலை இறங்கியது. உழுவதைவிடக் கம்பளி ஆதாயம் என்றானது. வேறு ஊரில் நல்ல நிலம் காலியாகக் கிடைத்தபோது குடியானவர்களும் மேட்டுநிலத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை, கிளம்பினார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் பெர்சிகளிடமிருந்து ஹில்டன் குடும்பத்தின் கைக்குப் போனது. 1517இல் மன்னரின் தலைமை அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சி நியமித்த விசாரணைக் குழு, இங்கே நான்கு வீடுகள் அழிக்கப்பட்டதையும் நான்கு ஏர்கள் நின்றுபோனதையும் பதிவு செய்தது.

முதலில் அந்த ‘நான்கு வீடு’தான் கதையின் மையமாக இருந்தது: பேராசை பிடித்த பிரபு, விரட்டப்பட்ட குடிகள், ஆட்டு மந்தை. கதை தவறு அல்ல, கடைசி அத்தியாயம் மட்டும். அதற்குள் ஊரின் பெரும்பகுதி தானாகவே கரைந்திருந்தது. நான்கு குடும்பங்களை விரட்டுவது சாத்தியமானதே மற்றவர்கள் ஏற்கெனவே போய்விட்டதால்தான். மண்ணில் கிடைத்த பானை ஓடுகள் ஆவணம் சொன்ன காலத்தோடு பொருந்தின. காரணத்தை ஓடு சொல்லாது.

ஊர் எப்படித் தொடங்கியது என்பது இதைவிடச் சிக்கலானது. ஒரே சீராக அளந்து பிரித்த மனை வரிசைகளைப் பார்த்தால் யாரோ திட்டமிட்டு வகுத்த ஊர் என்று தெரிகிறது. அது 10ஆம் நூற்றாண்டிலா, 1069–70இல் நார்மன் மன்னர் வடபகுதியை எரித்துப் பாழாக்கிய பிறகா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. அதற்கும் முன்னால் இரும்புக் காலத்துப் பண்ணைகள், ரோமானியர் காலத்துப் பண்ணைகள், 8ஆம் நூற்றாண்டில் அங்கங்கே சிதறிய குடியிருப்புகள். இதெல்லாம் தெரிய வந்ததற்குக் காரணம், கேள்வியை ஊர் எல்லைக்குள் வைத்திருக்காமல் சுற்றியிருந்த நிலத்துக்கும் விரித்ததுதான்.

இன்று செய்தால் எது மாறும்

முதலாவது, மண்ணைச் சலிப்பது. ஆரம்பக் காலத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். கரிந்த தானியம், மீன் முள், சிறு எலும்பு எல்லாம் மண்ணோடு போயிருக்கும். இன்று தண்ணீரில் மிதக்கவிட்டுச் சலிக்காமல் எந்தத் தரையையும் முடிக்க மாட்டார்கள். பெருக்கித் தேய்ந்த அந்தத் தரைகளின் ஓரத்து மண் இன்று கையில் இருந்தால், எந்த மூலையில் சமைத்தார்கள், எங்கே மாடு நின்றது என்பதையெல்லாம் வேதியியல் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

அடுத்தது வெளியீட்டின் தாமதம். முதல் குழிக்கும் முதல் தொகுதிக்கும் இடையே 29 ஆண்டுகள். அதற்குள் முதல் விளக்கம் வாய்மொழியாகவே கெட்டிப்பட்டுவிட்டது. வரைபடத்தை மற்றவர்கள் பார்த்திருந்தால் மறுவாசிப்பு முன்பே வந்திருக்கலாம். எலும்புக்குழி அரை நூற்றாண்டு காத்திருந்தது. ஆனால் இதில் ஒரு நன்மையும் நேர்ந்துவிட்டது: பல்லிலிருந்து பிறந்த மண்ணைக் கண்டறியும் முறை 1960களில் இல்லை. எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக அவர்களைப் பாராட்டலாம். படத்தை வெளியிடாமல் வைத்திருந்ததற்கு அதே சமாதானம் செல்லாது.

மூன்றாவது, இடத் தேர்வு. ஒரு காலி ஊர் தோண்டச் சுலபம். மேலே யாரும் குடியில்லை. ஆனால் இடைக்கால ஊர்களில் பெரும்பாலானவை காலியாகவில்லை, இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். 1968 வரை எண்ணிய கைவிடப்பட்ட ஊர்களே 2,263. பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. அப்படியிருந்தும் அவை தோற்றுப்போன ஊர்கள். தோற்றவற்றை மட்டும் தோண்டிவிட்டு இடைக்காலக் கிராமம் என்று பொதுவாகப் பேசினால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இந்தக் குறையை உணர்ந்துதான் பிற்பாடு சோமர்செட்டின் ஷாப்விக் போன்ற, ஆட்கள் இருக்கிற ஊர்களைச் சுற்றிப் பெரிய ஆய்வுகள் நடந்தன.

கிழக்கு இங்கிலாந்தில் 2005 முதல் நடந்த வேலை இன்னும் எளிமையானது. ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி மைதானத்திலும் ஒரு மீட்டர் சதுரக் குழி வெட்டி, எந்த நூற்றாண்டு ஓடு எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஒரு குழி ஒன்றும் சொல்லாது; ஊருக்கு முப்பது நாற்பது குழி சேர்ந்தால் ஊர் எப்போது எங்கே பரவியது, எங்கே சுருங்கியது என்பது தெரியும். 55 ஊர்களின் குழிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொள்ளைநோய்க்குப் பிந்தைய ஓடுகள் அதற்கு முந்தையவற்றைவிடச் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன. வொரம் பெர்சியை மட்டும் வைத்துப் பார்த்தால், நோய் ஊரைக் காலி செய்யவில்லை என்பதோடு நின்றுவிடுவோம். இந்தக் குழிகள், காலியாகாத ஊர்களையும் அது எவ்வளவு தூரம் வற்றவைத்தது என்று காட்டுகின்றன.

வீட்டுத் தோட்டத்துக் குழியில் சுவர் தெரியாது, அடிக்கல் தெரியாது. அதற்கு இன்றும் ஒரு மனையை முழுதாகத் திறந்துதான் ஆக வேண்டும். இன்று தொடங்குகிறவர் ஊர் முழுக்கச் சிறு குழிகளை முதலில் வெட்டி, எங்கே எந்தக் காலத்து ஓடு குவிகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே எந்த மனையைத் திறப்பது என்று முடிவு செய்வார். 1950களில் அந்த வரிசைக்கு வழியில்லை. தரையின் மேல் தெரிந்த வரப்பை நம்பித்தான் மனையைத் தேர்ந்தெடுத்தார்கள்.